டப்பாவில் மீன் வாசம்

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மாடல் காருக்கு ஊற்றும் நைட்ரோ எண்ணெய் டப்பாவை யார் திறந்தாலும், திறப்பதற்கு முன் "மீன் கீதா?" என்று, அதாவது மீன் இருக்கிறதா என்று, சத்தமாகக் கேட்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் மூடியை முகர்ந்து பார்த்து "இல்ல" என்று சொன்னால்தான் எண்ணெய் வண்டிக்குள் போகும். இப்போது பட்டறையில் இருக்கும் சாந்தியும் பர்வீனும் இதைத் தினமும் சொல்கிறார்கள். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது. முதலாளி பாயைக் கேட்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "கஸ்தூரிம்மாவக் கேளுங்க" என்று என் பக்கம் தள்ளிவிடுகிறாராம்.

போன வாரம் இரண்டு பேரும் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

"ஆயா, மாடல் கார் கிளப்புல ஆண்டு மலர் போடறாங்க. நீ உன் சர்வீஸப் பத்தி எய்திக் குடுக்கணும். அந்த மீன் மேட்டரு கண்டிப்பா வரணும்."

"அத்த எய்தினா என் மானம் பூடுமேடி."

"ரிடையர் ஆனப்புறம் மானத்த வெச்சிகினு இன்னா பண்ணப்போற ஆயா?"

நியாயமான கேள்வி. அதனால் எழுதுகிறேன். நாலாங் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். எழுத்தில் தப்பிருந்தால் மலர்க்காரர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

பாயிடம் வருவதற்கு முன் காசிமேட்டில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தேன். லாரியில் வரும் ஐஸ் பாளங்களைக் கட்டையால் அடித்து நொறுக்கி மீன் கூடைகளில் நிரப்புகிற வேலை. அங்கே நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று: ஐஸில் வைத்த எதுவும் கெடாது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கவிழ்க்கப் போவது இதுதான்.

முட்டி வலி வந்து ஐஸ் வேலை முடியாமல் போனபோது, பழைய வண்ணாரப்பேட்டையில் பாய் கடையில் பெருக்க ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். இரண்டு வருஷம் பெருக்கினேன். ஒரு வருஷம் இன்ஜின் பாகங்களைக் கழுவினேன். ஒருநாள் பெஞ்சில் ஓடிக்கொண்டிருந்த ஒரு இன்ஜினைக் கேட்டு, துடைப்பமும் கையுமாக நின்று, "பாய், இதுக்குப் பசிக்குது" என்றேன். பாய் ஊசியைக் கொஞ்சம் திறந்துவிட்டார். கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது வயிறு நிறைந்த குளவி மாதிரி ரீங்காரம் போட்டது. மறுநாள் என் கையில் ஒரு சின்ன ஸ்குரூ டிரைவரைக் கொடுத்தார். அதற்காகத் துடைப்பத்தை வாங்கிக்கொண்டார் என்று நினைக்காதீர்கள். கடைசி நாள் வரை பெருக்கியதும் நான்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாடல் கார் இரண்டு சாண் நீளம். அதன் இன்ஜின் எலுமிச்சம்பழம் அளவு. மூக்குத்தியை விடக் கொஞ்சம் பெரிய துளையில் காற்றும் எண்ணெயும் கலந்து உள்ளே போகிறது. அந்தத் துளை இருக்கும் பாகம்தான் கார்புரேட்டர். அதில் இரண்டு ஊசிகள். வண்டி பறக்கும்போது எண்ணெய் விடுவது பெரிய ஊசி. நின்ற இடத்தில் முனகும்போது விடுவது சின்ன ஊசி. திறந்தால் எண்ணெய் கூடும். வண்டி புகையைக் கக்கிக்கொண்டு, கல்யாணச் சாப்பாடு முடித்த மாமனார் மாதிரி மெதுவாக நகரும். மூடினால் எண்ணெய் குறைந்து காற்று கூடும். வண்டி பறக்கும், சூடாகும், சீக்கிரம் செத்துப்போகும். இரண்டுக்கும் நடுவில் நிற்க வைப்பதற்குப் பெயர் டியூனிங். இருபது வருஷத்துக்கு மேல் எனக்குச் சோறு போட்டது இந்த நடுதான்.

பாய் சொல்லிக் கொடுத்த முறைகள் இவை. குளிர்ந்த இன்ஜினைத் தொடாதே. முதலில் ஓட்டிச் சூடாக்கு. முதலில் பெரிய ஊசி. கடிகாரத்தில் முள் பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்குப் போகிற தூரம்தான் ஒரு தடவைக்குத் திருப்பலாம். அதற்கு "ஒரு மணி" என்று பெயர். ஒரு மணி திருப்பினால் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். பின்னால் நூல் மாதிரிப் புகை வருகிறதா பார். பிறகு இன்ஜின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடு. சொட்டு சும்மா உட்கார்ந்திருந்தால் சூடு போதாது. துள்ளி ஓடினால் சூடு அதிகம். மூன்று நான்கு வினாடி கொதித்து அடங்கினால் சரி. நான் ஆரம்பத்தில் தண்ணீருக்குப் பதில் எச்சிலைத் தொட்டு வைத்தேன். "இன்ஜினுக்கும் ஒரு மரியாத கீதும்மா" என்று சொல்லி, பாய் கண் மருந்து பாட்டில் ஒன்றைக் கழுவித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

அடுத்தது சின்ன ஊசி. முனகிக்கொண்டிருக்கும்போது எண்ணெய் டியூபைக் கிள்ளிப் பிடிக்க வேண்டும். இன்ஜின் லேசாக வேகம் எடுத்து, இரண்டு மூன்று வினாடியில் நிற்க வேண்டும். வினாடியை எண்ண எனக்குக் கடிகாரம் தோதுப்படவில்லை. "தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்" என்று வடக்கே போகும் ரயிலின் ஸ்டேஷன்களை நிதானமாகச் சொல்வேன். தண்டையார்பேட்டையிலேயே செத்தால் எண்ணெய் பற்றாது. எண்ணூரில் நின்றால் சரி. மீஞ்சூர் தாண்டியும் ஓடினால் எண்ணெய் அதிகம். பாய் முதலில் சிரித்தார். பிறகு ஸ்டாப் வாட்ச்சோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அதை மேசை டிராயரில் போட்டுவிட்டார்.

பாய் சுபாவத்தைச் சொல்லாமல் அடுத்த விஷயம் புரியாது. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. யாராவது தப்பு செய்தால் எதிர்க்கடையிலிருந்து இரண்டு டீ வரும். ஒன்றை உங்கள் முன்னால் வைப்பார், ஒன்றைத் தன் முன்னால். கண்ணாடியைக் கழற்றி லுங்கி நுனியில் துடைப்பார். நீங்களாகப் பேசும் வரை அவர் டீயைத் தொட மாட்டார். டீயில் ஆடை படியும். அந்த ஆடையைப் பார்த்துக்கொண்டு பொய் சொன்னவன் எவனும் இல்லை. அதனால் பாய் டீ வாங்கிக் கொடுத்தார் என்றால் எங்கள் சந்தே "ஐயோ பாவம்" என்று சொல்லும்.

டில்லிபாபு வந்து சேர்ந்தது நான் டியூனிங் கற்றுக்கொண்டதற்கப்புறம். காசிமேட்டு ஆள். விசைப்படகில் வலை இழுத்து இழுத்துத் தோள்பட்டை நழுவி, இனி கடலுக்குப் போகக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் மனைவி, இரண்டு பெண்கள். படகு இன்ஜினைப் பிரித்துப் போட்டுப் பழக்கம் இருந்ததால் பாய் சேர்த்துக்கொண்டார். இந்த பெஞ்சை விட்டால் அவனுக்கு வேறு வேலை கிடையாது. கை ஒவ்வொன்றும் துடுப்பு அகலம். அந்தக் கையில் எங்கள் ஸ்குரூ டிரைவர் பல் குத்தும் குச்சி மாதிரித் தெரியும். என் வாய் சும்மா இருக்குமா?

"டேய் நைனா, ஊசியத் திருப்பச் சொன்னா நங்கூரம் இஸ்துகினு கீற? மெதுவாடா, அது காசிமேட்டுக் கயிறு இல்ல."

"யக்கா, உன் வாய்க்கு ஒரு மூடி போட்டா நம்ம கடையில பாதிப் புகை கொறஞ்சிரும்."

அன்று முதல் அவனுக்கு நங்கூரக் கை என்று பெயர். நான்தான் வைத்தேன். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். உண்மையில் அவன் கை பூ மாதிரி. ஒரு மணி என்றால் ஒரு மணிதான், ஒரு நிமிஷம் கூடாது குறையாது. ஆனால் உண்மையைச் சொன்னால் யார் சிரிப்பார்கள்?

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் பெரிய வேலையில் இருந்தவர் ஒருவர் புது இன்ஜின் வாங்கியிருந்தார். எண்ணூர் சார் என்றுதான் கூப்பிடுவோம். மணலி புதுநகரில் காலி மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஸ் நடக்கும். மற்றவர்கள் தங்கள் எண்ணெயைத் தாங்களே கொண்டுவருவார்கள். இவர் மட்டும், "ட்யூனிங், எண்ணெய், எல்லாம் உங்க பொறுப்பு. நான் ரிமோட்டை மட்டும் பிடிப்பேன்" என்றார். ஊசி டில்லி பொறுப்பு. எண்ணெய் கொண்டுபோய் ஊற்றுவது என் பொறுப்பு.

அது கத்திரி வெயில். நைட்ரோ என்பது ஸ்பிரிட்டும் விளக்கெண்ணெயும் இன்னும் ஏதோ மருந்தும் கலந்தது. வெயில் ஆகாது. "டப்பாவ நெழல்ல வைங்கம்மா" என்றார் பாய். நிழலில் வைத்தால் போதும் என்றுதான் அந்த மனுஷன் சொன்னார். எனக்குத்தான் அறிவு பொங்கியது. ஐஸில் வைத்த எதுவும் கெடாதே! காசிமேட்டில் பழைய சிநேகிதி ஒருத்தியிடம் ஒரு தெர்மோகோல் பெட்டியும், மீன் கூடையிலிருந்து அள்ளிய நொறுக்கு ஐஸும் வாங்கினேன். டப்பாவை அதில் புதைத்து, பக்கத்திலேயே மோர் பாக்கெட்டுகளையும் வைத்துக்கொண்டு போனேன். மைதானத்தில் எல்லோருக்கும் ஜில்லென்று மோர் கொடுத்தேன். பாயும் குடித்தார், டில்லியும் குடித்தான். எண்ணூர் சார், "பாட்டிக்கு என்ன மூளை பாருங்க" என்றார். அவரைவிட எனக்கு நாலைந்து வயதுதான் அதிகம். மூளையைப் பாராட்டியதால் பாட்டியை மன்னித்தேன்.

அன்று நாலாவது சுற்றில் வண்டி நின்றது.

டில்லி ஒரு மணி திறந்தான். ஓடியது, நின்றது. ஒரு மணி மூடினான். ஓடாமலே நின்றது. திங்கட்கிழமை கடையில் அலமாரி எண்ணெயை ஊற்றி ஓட்டினால் குளவி மாதிரிப் பாடியது. அடுத்த ஞாயிறு மணலியில் மூன்றாவது சுற்றில் நின்றது.

"யக்கா, இந்த மணலி ரிஃபைனரி காத்துலயே பெட்ரோலு கலந்துகீது. அதான் இன்ஜினு பேஜாரு பண்ணுது" என்றான் டில்லி.

"காத்து நல்லாத்தான் கீது. உன் நங்கூரத்தக் கொஞ்சம் தூக்கு" என்றேன் நான், ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மோரை உறிஞ்சிக்கொண்டு. எல்லோரும் சிரித்தார்கள். டில்லியும் சிரித்தான்.

மூன்றாவது ஞாயிறு, வண்டி ஸ்டார்ட்டிங் லைனைக்கூடத் தாண்டவில்லை. எண்ணூர் சார் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு பாயிடம் போனார்.

"பாய், அடுத்த ஞாயிறு வருஷ ரேஸ். எனக்கு விளையாட்டு இல்ல இது. அந்த நங்கூரக் கை ஆள் என் இன்ஜினைத் தொடக்கூடாது. அவர் பெஞ்ச்ல இருந்தா நான் உங்க கடைக்கு வர மாட்டேன். என் கூட வர்ற நாலு பேரும் வர மாட்டாங்க."

என் ஜோக். என் வாயிலிருந்து போய், இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, அந்த மனுஷன் வாயிலிருந்து தீர்ப்பாக வந்தது. இந்தத் தடவை டில்லி சிரிக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் பார்த்தான், பிறகு அவற்றைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். பாக்கெட்டில் அவை அடங்கவில்லை.

வண்டியில் சாமானை ஏற்றும்போது பாய் அவனிடம் மெதுவாகச் சொன்னார்:

"டில்லி, நாளைக்குக் காலையில டீ சாப்பிடலாம்பா."

திங்கட்கிழமை பெருக்குகிற சாக்கில் சீக்கிரமே கடையைத் திறந்தேன். சும்மா இருக்க முடியவில்லை. எண்ணூர் சாரின் இன்ஜினை ஸ்டாண்டில் மாட்டி, ஊசிகளைத் தொடாமல், அலமாரி எண்ணெயை ஊற்றி, சூடாக்கி, டியூபைக் கிள்ளினேன். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர். சரியாக நின்றது. டில்லி வைத்த ஊசி அச்சு மாறாமல் இருந்தது.

'ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று' என்பது பாய் சொன்ன பாடம். கடைக்கும் மணலிக்கும் நடுவில் மாறியது என்ன? இன்ஜின் அதே இன்ஜின். ஊசி அதே ஊசி. ஆள் அதே ஆள். என் பார்வை மூலையில் இருந்த தெர்மோகோல் பெட்டியில் போய் நின்றது.

டேங்க்கை வடித்துவிட்டு, பெட்டியிலிருந்த டப்பாவிலிருந்து ஊற்றினேன். தண்டையார்பேட்டை என்று வாயைத் திறக்கும் முன்பே செத்தது. மறுபடி ஓட்டினேன். இந்தத் தடவை மீஞ்சூர் தாண்டி ஆந்திரா பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதற்கடுத்து உயிரே வரவில்லை.

மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்து போயிருந்தது. ஐஸ் உருகிய தண்ணீரில் டப்பா சாய்ந்து கிடந்து, ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்திருக்கிறது. படகு டீசலில் தண்ணீர் கலந்தால் அடியில் தனியாக நிற்கும், கண்ணுக்குத் தெரியும். ஸ்பிரிட் அப்படியில்லை, தண்ணீரோடு கட்டிப்பிடித்துக்கொண்டு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நிற்கும். மூடியை மூக்கில் ஒட்டவைத்து முகர்ந்தேன். மீன் வாசம். மூன்று வாரமாக அது இருந்திருக்கிறது. ஆனால் மைதானத்தில் ஊற்றியவள் ஐஸ்காரி, பக்கத்தில் நின்றவன் வலைக்காரன். எங்கள் மூக்குக்கு மீன் வாசம் ஒரு வாசமே இல்லை.

ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். வாசலில் சாக்கடை இருந்தது. டப்பாவை அதில் கவிழ்த்துவிட்டு, புது டப்பா எடுத்து வைத்தால் யாருக்கும் தெரியாது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனேன். அங்கே நின்றபடி எதிர்க்கடைக்காரரைப் பார்த்து, "அண்ணே, ரெண்டு டீ" என்றேன்.

பாய் வந்தார். தன் மேசையில் இரண்டு கிளாஸ் டீ இருப்பதைப் பார்த்தார்.

"யாருக்கும்மா டீ?"

"உங்களுக்கு ஒண்ணு பாய். எனக்கு ஒண்ணு."

அவர் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆடை படியும் வரை காத்திருக்க எனக்குத் தெம்பில்லை. மூடியை நீட்டினேன்.

"மோந்து பாருங்க பாய்."

முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை முகர்ந்தார்.

"சங்கராவா?"

"வஞ்சரம் பாய். நம்ம கடைக்கு மட்டமான சங்கரா ஐஸா எடுத்தாருவேன்?"

அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய், இரண்டு எண்ணெயையும் மாற்றி மாற்றி என்னை மூன்று தடவை ஓட்டிக் காட்டச் சொன்னார். "ஊசியத் தொட்டீங்களா?" "இல்ல பாய்." "ஒரு தபாகூட?" "சத்தியமா இல்ல பாய்." பிறகு வந்து ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தார்.

"டில்லிக்கு யாரு சொல்றது?"

"நான்."

"எண்ணூர் சாருக்கு?"

"அதுவும் நான்தான் பாய்."

டில்லி ஒன்பது மணிக்கு வந்தான். துவைத்த சட்டை. தன் ஸ்குரூ டிரைவரை ஒரு துணியில் சுற்றி, திருப்பிக் கொடுக்கக் கையில் வைத்திருந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: ஐஸ், வளையம், மீன், மோர். இடையில் இரண்டு ஜோக்கும் சேர்த்துப் பார்த்தேன். அவன் முகம் அசையவில்லை.

"ஐஸு மேட்டர வுடு யக்கா. நானும்தான் மோர் குட்சேன். எனுக்கும் தோணல. ஆனா அந்த நங்கூரக் கைன்னு ஊரெல்லாம் சொன்னியே, அது இன்னாத்துக்கு? என் கை அப்டியா கீது?"

ஐஸ் மார்க்கெட்டில் ஆம்பிளைகளை வாயடைக்க வைத்தவள் நான். அன்றைக்கு உண்மையைத்தான் சொல்ல முடிந்தது.

"இல்லடா நைனா" என்றேன். "பூ மாதிரி கீது."

"அத்த இப்ப என்னான்ட சொல்லி இன்னா புரோஜனம்? அவராண்ட சொல்லு."

போனை ஸ்பீக்கரில் போட்டார் பாய். நான் எண்ணூர் சாரிடம் சொன்னேன்: "சார், உங்க வண்டிய நிறுத்தனது டில்லி இல்ல, நான். எண்ணெயில மீன் ஐஸுத் தண்ணி கலந்துட்டேன். அந்த நங்கூரக் கைங்கறதும் நான் கட்டிவுட்ட கதை. இந்தக் கடையிலயே நல்ல கை அவனோடதுதான் சார்." அவர், "அப்ப நான் மூணு வாரமா குடிச்ச மோர்ல?" என்று கேட்டார்.

வருஷ ரேஸுக்கு டில்லியேதான் வந்தான். எண்ணூர் சார் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்று பார்த்தார். டில்லி வண்டியைச் சூடாக்கினான். பெரிய ஊசியை ஒரு மணி திறந்தான், ஓட்டிப் பார்த்தான். தலையில் சொட்டுத் தண்ணீர் விட்டான். அது கொதித்து அடங்கியது. டியூபைக் கிள்ளி உதடு அசையாமல் எண்ணினான். எண்ணூரில் நின்றது. ரேஸுக்கு எண்ணெய் நிரப்ப டேங்க்கைத் திறந்து வைத்துக்கொண்டு, புது டப்பாவோடு நான் நிழலில் நிற்பதைப் பார்த்து, மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான்:

"யக்கா! மீன் கீதா?"

கிளப் முழுக்கச் சிரித்தது. பாய் லுங்கி நுனியைத் தேடினார், கண்ணாடி துடைக்க இல்லை, கண்ணைத் துடைக்க. நான் எல்லோருக்கும் தெரியும்படி மூடியை முகர்ந்து பார்த்தேன்.

"இல்ல நைனா. இன்னிக்கு மார்க்கெட்டு லீவு."

வண்டி ஒரு இடத்திலும் நிற்காமல் எல்லாச் சுற்றும் ஓடி முடித்தது. முதலாவது வரவில்லை, மூன்றாவதுதான். எண்ணூர் சார் வந்து டில்லியின் வலது கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். அவர் கைகள் இரண்டும் அதற்குள் காணாமல் போய்விட்டன.

அதைப் பார்த்ததும் எனக்கு நல்ல ஜோக் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. டில்லி என்னைத் திரும்பிப் பார்த்தான். வரப்போகிறது என்று அவனுக்கும் தெரியும். நான் வாயை ஒரு மணி மூடினேன்.

முழுக்க மூடவில்லை. முழுக்க மூடினால் இன்ஜின் நின்றுவிடும் என்று உங்களுக்கே தெரியும்.